வலிக்குதான்னு கேட்டாங்களா?

அம்மாவுக்கு இரண்டு கையிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஒரே நோய், ஒரே ஆபரேஷன். இரண்டும் அரசு மருத்துவமனையில். இரண்டுக்கும் மயக்க மருந்து இல்லை, மரத்துப்போகிற ஊசி மட்டும்தான். நடுவில் 14 மாதம் இடைவெளி. வலது கையைப் பற்றிக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். இடது கையைப் பற்றிக் கேட்டால் தண்ணீர் பிடிக்க வந்தவர்களைக்கூட உட்காரவைத்துக் கதை சொல்வார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. புரிந்த பிறகு வெட்கமாகவும் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா 22 வருடமாகத் தூய்மைப் பணியாளர். நகராட்சியில் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். காகிதத்தில் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். காலை ஐந்தரைக்கு மஸ்டரில் பெயர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. நீளக்கம்பு துடைப்பத்தால் பெருக்குவது, தள்ளுவண்டியை மேட்டில் ஏற்றுவது, சாக்கடை மண்ணை வாரி ஓரமாகக் குவிப்பது, பிறகு அதையே அள்ளி வண்டியில் போடுவது. நான் எம்.ஏ. படிக்கும்போது வகுப்பில் உழைப்பும் சாதியும் என்று நான்கு பக்கம் கட்டுரை எழுதினேன். அந்தக் கட்டுரையில் ‘கை’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

முதலில் இரவில்தான் ஆரம்பித்தது. இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுவதுபோலக் கையை உதறுவார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவ்வளவும் எரியும், மரக்கும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. “இது மட்டும் நல்ல புள்ள” என்பார். நாங்கள் தைலம் தேய்த்தோம். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கினோம். சுகராக இருக்கும் என்றார்கள், பார்த்தோம், இல்லை. தைராய்டும் இல்லை. ஒருநாள் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது டம்ளரை எவர்சில்வரில் வாங்கினோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தோன்றிய வைத்தியம்.

கார்ப்பல் டனல் என்று பெயர். மணிக்கட்டின் அடியில் எட்டுச் சின்ன எலும்புகள் தொட்டில்போல வளைந்து கிடக்கின்றன. அந்தத் தொட்டிலுக்கு மேல்மூடி மாதிரி ஒரு தடித்த நார்ப்பட்டை. இந்தக் குகைக்குள்ளே விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு மீடியன் என்ற ஒரே ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் எலும்பும் விட்டுக்கொடுக்காது, பட்டையும் விட்டுக்கொடுக்காது. நசுங்குவது நரம்புதான். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது இந்தக் குகை வழியாகப் போவதில்லை. அம்மாவின் ‘நல்ல புள்ள’க்கு அதுதான் காரணம். ஆரம்பத்திலேயே பிடித்தால் இரவில் மணிக்கட்டை வளையாமல் வைக்கிற பட்டை, பிறகு ஸ்டீராய்டு ஊசி என்று பார்ப்பார்கள். கட்டைவிரல் அடிச்சதை வற்ற ஆரம்பித்துவிட்டால் அந்த மேல்மூடிப் பட்டையை அறுத்து விட வேண்டியதுதான். நாங்கள் போனபோது அம்மாவின் வலது உள்ளங்கையில் அந்த மேடு பள்ளமாகியிருந்தது.

இதை வேலையால் வரும் நோய் என்று ஒத்துக்கொள்வதற்கே உலகத்துக்கு நெடுநாள் பிடித்தது. 1950களில் இந்த நோயை மருத்துவர்களிடையே பரவலாக அறியச் செய்தவர் அமெரிக்காவின் ஜார்ஜ் பேலன். மணிக்கட்டை மடக்கிவைத்துப் பார்க்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான். அவரே இதை வேலையோடு சேர்த்துப் பார்க்க மறுத்தவர். நடுவயதுப் பெண்களுக்கு வருவது, அவர்கள் என்ன பெரிய வேலை செய்கிறார்கள் என்பதுதான் அன்றைய எண்ணம். வீட்டுவேலை வேலைக் கணக்கில் வராது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010இல்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்சார் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது கார்ப்பல் டனலைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. நீண்ட நேரம் திரும்பத் திரும்ப பலம்கொடுத்துச் செய்கிற வேலை, அதிர்வு, மணிக்கட்டை ரொம்ப வளைத்து வைத்திருப்பது என்று காரணங்களையும் எழுதியது. ஈரத் துடைப்பத்தைப் பிடித்துப் பாருங்கள் தோழர்களே, இதில் எது இல்லை என்று.

முதல் ஆபரேஷனுக்கு வருவோம்.

ஒரு நாள் லீவு போட்டு நான்தான் கூட்டிப்போனேன். “முழு மயக்கம் இல்லம்மா, கையில மட்டும் ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பத்து நிமிஷம்” என்று சொன்னது நான். எங்கே படித்தேன் என்று நினைவில்லை, நம்பிச் சொன்னேன். சம்மதப் படிவத்தில் அம்மா கைநாட்டு வைக்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். என்ன ஊசி, எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், கையில் கட்டு கட்டுவார்களா, ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களுக்காக எத்தனையோ ஆபீஸில் போய் நின்று கேள்வி கேட்டிருக்கிறேன். அன்றைக்கு பச்சை உடுப்பைப் பார்த்ததும் வாய் எழவில்லை.

முக்கால் மணி நேரத்தில் அம்மா வெளியே வந்தார். முகம் நனைந்திருந்தது. நான் வியர்வை என்று நினைத்தேன். “முடிஞ்சுதா, அவ்ளோதான்” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதத்தில் இடது கையும் அதே வழிக்கு வந்தது. இந்த நோய் பலருக்கு இரண்டு கையிலும் வரும். போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். “இந்தக் கைய இப்டியே உட்டுடு பாப்பா. மரத்தே கெடக்கட்டும்.” கூலி போகும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். அந்தப் பயமும் நியாயம்தான். ஈ.எஸ்.ஐ.யில் முறையாகச் சந்தா கட்டப்பட்டிருந்தால் நோய்க்காலத்தில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அம்மாவின் ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்தாரே தவிர எண் எதுவும் கையில் தரவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. ஒரு ராத்திரி கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தானாகவே சொன்னார்.

மேல்கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து இறுக்கினார்களாம். பிரஷர் பார்க்கிற பட்டை மாதிரி, ஆனால் விடவே இல்லை. மணிக்கட்டில் ஒரு ஊசி. ஊசியை எடுத்த கையோடு கத்தி. உள்ளங்கையில் அறுத்தது தெரிந்தது. “வலிக்குது சார்” என்றாராம். “வலி இல்லம்மா, அழுத்துறதுதான் தெரியும்.” மறுபடி சொன்னாராம். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவர்களிடம் அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது: “கேஸ் ஷீட் பாத்தீங்கல்ல, என்ன வேலைன்னு. காய்ச்சுப்போன கை. இவங்களுக்கெல்லாம் இவ்ளோ தெரியாது. பயம்தான்.” அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. மேல்கைதான் கடைசியில் தாங்க முடியாமல் போனதாம், இடுக்கியில் வைத்துத் திருகினதுபோல.

“நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீதான் எறும்பு கடிக்கும்னு சொன்னியே. எனக்குத்தான் தாங்கல போலன்னு இருந்தேன்.”

அன்று இரவு நான் தூங்கவில்லை. டாக்டர் நம்பவில்லை என்பது ஒரு விஷயம். என் அம்மா தன் வலியைத் தானே நம்பாமல் போனதற்கு நானும் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறேன்.

படிக்க ஆரம்பித்தேன். சமூகவியல் மாணவிக்கு மயக்கவியல் எதற்கு என்று கேட்காதீர்கள். அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் உடலில் காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இருந்தது.

மேல்கைப் பட்டைக்கு டூர்னிக்கெட் என்று பெயர். ரத்தம் வராமல் இருந்தால் நரம்பு தெளிவாகத் தெரியும், அதற்காக இறுக்குகிறார்கள். ஆனால் மணிக்கட்டில் போடும் ஊசி மேல்கையை மரக்கவைக்காது. நிமிடம் ஆக ஆக அந்த வலி ஏறிக்கொண்டே போகும். அம்மாவின் ‘இடுக்கி’ பயமல்ல. அடுத்தது உள்ளங்கை. மீடியன் நரம்பை மட்டும் மரக்கவைத்தால் போதாது. உள்ளங்கையின் அடிப்பகுதித் தோலுக்கு உணர்வு தருபவை குகைக்கு மேலாகப் பிரிந்து வருகிற கிளையும் பக்கத்து நரம்பின் கிளைகளும். கத்தி போகிற வழி முழுக்க தோலுக்கடியில் மருந்து பரவியிருக்க வேண்டும், பரவ நேரமும் கொடுக்க வேண்டும். எனவே அதுவும் பயமல்ல. காய்ப்பு என்பது தோலின் மேல் படிந்த செத்த அடுக்கு. அதற்குக் கீழே இருக்கிற நரம்பு மருத்துவக் கல்லூரி பேராசிரியரின் கையில் இருப்பதுபோலவேதான் இருக்கும். சொல்லப்போனால், வருடக்கணக்காக நசுங்கிய நரம்பு கொஞ்சம் தொட்டாலே சீறும்.

உழைக்கிற உடம்புக்கு வலி குறைவு என்பது புதுச் சரக்கு இல்லை. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்க்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலில் மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகினார். அவருக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை இருந்தது. 2018இல்தான் அகற்றினார்கள். அதெல்லாம் அந்தக்காலம் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வெளியானது. கேள்விக்கு உட்பட்ட வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் சுமார் பாதிப்பேர், கறுப்பர்களின் உடல் பற்றிய ஏதாவது ஒரு பொய்யையாவது உண்மை என்றார்கள். கறுப்பர் தோல் தடிமனானது என்பது அந்தப் பொய்களில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சிகிச்சையையும் தப்பாகச் சொன்னார்கள். நிறவெறியர்கள் அல்ல, சாதாரண மாணவர்கள். ‘காய்ச்சுப்போன கை’ என்ற டாக்டரும் நல்லவராகவே இருக்கலாம். வீட்டில் நாய் வளர்ப்பவராக இருக்கலாம். அவர் சாதி பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். கேஸ் ஷீட்டில் வேலை எழுதியிருந்தது. நம் ஊரில் அந்த ஒரு வரியைப் படித்த பிறகு சாதியைத் தனியாக வேறு எதற்குப் பார்க்க வேண்டும்?

படித்ததில் என்னை நிறுத்திய இன்னொரு கதை அட்ரினலின் கதை. மரக்கும் ஊசியில் இப்போது பெரும்பாலும் போடுவது லிக்னோகைன். ஸ்வீடனில் 1943இல் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது, 1948இல் விற்பனைக்கு வந்தது. அதோடு மிகச் சிறிதளவு அட்ரினலின் கலந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தம் கசிவது குறைவதால் டூர்னிக்கெட்டே வேண்டாம். மருந்தும் அங்கேயே நின்று மணிக்கணக்கில் வேலை செய்யும். பிறகு ஏன் எல்லோரும் செய்யவில்லை? விரலில், கையில் அட்ரினலின் போட்டால் விரல் செத்துவிடும் என்று பாடப்புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தன. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் டொனால்ட் லலோண்ட் என்ற கை அறுவை மருத்துவரும் அவரது கூட்டாளிகளும், அது உண்மையா என்று எண்ணிப் பார்த்தார்கள். 2005இல் வெளியான அவர்களது ஆய்வில் விரலிலும் கையிலும் அட்ரினலின் ஊசி போடப்பட்ட 3,110 பேர். ஒருவர் விரலும் சாகவில்லை. அந்த மருந்தின் வேலையை முறிக்கும் மாற்று ஊசிகூட ஒருவருக்கும் தேவைப்படவில்லை. பழைய காலத்தில் போன விரல்கள் பெரும்பாலும் 1950க்கு முந்தியவை, லிக்னோகைன் வருவதற்கு முன் புழங்கிய புரோக்கைன் காலத்தவை. அது வைத்திருக்க வைத்திருக்க அமிலமாகிற மருந்து. பழி அட்ரினலின் மேல் விழுந்து, விதியாகி, யாரும் சரிபார்க்காமல் நின்றுவிட்டது. யார் வகுத்தார் என்று கேட்காமல் ஊரே கடைப்பிடிக்கிற விதிகள் நமக்கும் சில தெரியும்.

இந்த முறைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வாலன்ட்’ என்கிறார்கள். முழு விழிப்பில், டூர்னிக்கெட் இல்லாமல் என்று அர்த்தம். வெறும் வயிற்றில் வர வேண்டாம், மயக்க மருத்துவர் வேண்டாம், பெரிய தியேட்டர் வேண்டாம், சின்ன ஆபரேஷன் அறை போதும். வேலை முடிந்து எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். கனடாவில் கார்ப்பல் டனல் ஆபரேஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான். இதில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. நம் அரசு மருத்துவமனைகளுக்கு இது எட்டாத வித்தையும் இல்லை. கை அறுவைக்கென்றே தனித்துறையை பேராசிரியர் ஆர். வெங்கடசாமி சென்னை ஸ்டான்லியில் 1970களிலேயே கட்டியெழுப்பிய மாநிலம் இது.

கேட்டு விசாரித்து வேறொரு ஊரின் அரசு மருத்துவமனைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். அம்மா வந்தது எனக்காகத்தான். வழியெல்லாம் பேசவில்லை.

டாக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். அவர் முதலில் சொன்னது, “உக்காருங்கம்மா. ரெண்டு கையையும் காட்டுங்க.” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். வலது கைத் தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்தக் கையில ஆபரேஷன் பண்ணப்ப எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். அம்மா “நல்லாத்தான்” என்றார். டாக்டர் காத்திருந்தார். அந்த மௌனத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சொன்னார். டாக்டர் மற்ற டாக்டரைத் திட்டவுமில்லை, தாங்கிப் பேசவுமில்லை. “இந்தக் கைக்குக் கட்டு கட்டமாட்டோம். ஊசி போட்டு அரை மணி நேரம் சும்மா உக்காரப்போறீங்க. நீங்க மரத்துடுச்சுன்னு சொன்னப்புறம்தான் கத்தி” என்றார். மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள், இதயப் பிரச்சினை உண்டா, முன்பு எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டார்.

என்னை உள்ளே நிற்க விட்டார்கள். அதனால் இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

படுக்க வைத்துத்தான் ஊசி போட்டார், உட்கார்ந்திருந்தால் சிலருக்கு மயக்கம் வரும் என்று. ஒரு சதவீத லிக்னோகைன் சுமார் 20 மில்லி, ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின். ஒரு கிலோ எடைக்கு 7 மில்லிகிராம் வரை பாதுகாப்பான அளவு என்பது கணக்கு. 50 கிலோ ஆளுக்கு 350 வரை போகலாம், இதில் இருப்பது 200. அட்ரினலின் கலந்த மருந்து அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் எரியும். எனவே பத்துக்கு ஒரு பங்கு சோடியம் பைகார்பனேட் சேர்த்தார். சமையலறைச் சோடா உப்பின் மருத்துவமனை வடிவம்தான் அது. முடி மாதிரி மெல்லிய ஊசி. காய்ப்பேறிய உள்ளங்கையில் ஆரம்பிக்கவில்லை. மணிக்கட்டு மடிப்புக்குப் பக்கத்தில், தோல் மெலிந்த இடத்தில், நரம்புக்கு நேர்மேலே இல்லாமல் சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி. தோலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு ஊசியை நேராக இறக்கி, அப்படியே அசையாமல் நிறுத்தி, சொட்டுச் சொட்டாக விட்டார். விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருந்தால் உடனே சொல்ல வேண்டும், ஊசி நரம்பைத் தொடுகிறது என்று அர்த்தம், பின்னால் இழுத்துக்கொள்வேன் என்றார். அந்த இடம் மரத்த பிறகு, மரத்த இடத்துக்குள்ளேயே மறுபடி குத்தி உள்ளங்கைப் பக்கம் நகர்ந்தார். ஊசி முனைக்கு முன்னால் மருந்து போக வேண்டும், ஊசி பின்னால் வர வேண்டும் என்பது விதியாம். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

ஊசியைத் தொடங்கும்போது அவர் அம்மாவிடம் சொன்னதைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். “முதல் குத்து வலிக்கும். அது ஒண்ணு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ வலிச்சாலும் எண்ணிச் சொல்லுங்க. நான் எவ்ளோ நல்லா போட்டேன்னு நீங்கதான் மார்க் போடணும்.” இது அவர் கண்டுபிடித்ததல்ல, லலோண்ட் தன் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிற முறை என்று பிறகு படித்தேன். கோல்ஃப் விளையாட்டுக் கணக்கு மாதிரி. முதல் குத்து மட்டும் வலித்தால் ஊசி போட்டவருக்கு முழு வெற்றி, வலி கூடக்கூட மதிப்பெண் இறங்கும். கோல்ஃபுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், விடுங்கள். 22 வருடமாக மேஸ்திரி மார்க் போட்டுக்கொண்டிருந்த என் அம்மா, அன்றைக்கு ஒரு டாக்டருக்கு மார்க் போட்டார்.

“ஒண்ணு.” கொஞ்ச நேரம் கழித்து, தயங்கி, “ரெண்டு... லேசாத்தான்.” டாக்டர் உடனே நிறுத்தினார். “லேசான்னாலும் ரெண்டுதான்மா.” பிறகு கடைசிவரை மூன்று வரவில்லை.

அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கொஞ்சம் படபடக்கும், நடுக்கம் வரும், அது அட்ரினலின் வேலை, சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நெஞ்சு அடித்துக்கொண்டபோது அம்மா பயப்படவில்லை. நான் டீ வாங்கி வந்தேன். வலது கையால் பிடித்துக் குடித்தார். இடது உள்ளங்கை மெல்ல வெளிறி, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. அதுதான் அடையாளம், ரத்தம் விலகி நிற்கிறது. அதற்குத்தான் அரை மணி நேரம். கூட்டம் முட்டி மோதுகிற மருத்துவமனையில் இந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மூன்று பேருக்கு வரிசையாக ஊசி போட்டு உட்காரவைத்துவிட்டு முதலாமவரை உள்ளே கூப்பிட்டார்கள். பெஞ்சில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர், இந்தப் பக்கம் ஒரு பரோட்டா மாஸ்டர். மூன்று வெளிறிய கைகள்.

“அந்தப் பொண்ணு என்ன நீங்க வாங்கன்னு சொல்லுது, கேட்டியா?” என்றார் அம்மா.

உள்ளே கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கத்தி வைக்குமுன் இடுக்கியால் கிள்ளி, “இது தெரியுதா? இது?” என்று வழி நெடுக கேட்டுக்கொண்டே போனார். அழுத்துவது தெரியும், இழுப்பது தெரியும், வலி தெரியக்கூடாது, தெரிந்தால் மருந்து இருக்கிறது, இன்னும் போடலாம் என்றார். முதல் தியேட்டரில் சொன்ன அதே ‘அழுத்துறது’ என்ற சொல்தான். அங்கே அது அம்மாவின் வாயை அடைத்தது, இங்கே பேசச் சொன்னது. பட்டையை அறுத்ததும் விரலை மடக்கி நீட்டச் சொன்னார். தையல் போட்டுக்கொண்டே, தையல் பிரிக்கும்வரை என்ன செய்யலாம், எப்போது பாத்திரம் பிடிக்கலாம், துடைப்பத்தை எப்போதுவரை தொடக்கூடாது என்று அம்மாவிடமே பேசினார். மயக்கத்தில் இருந்திருந்தால் இதெல்லாம் என்னிடம் சொல்லியிருப்பார்கள், நான் பாதியை மறந்திருப்பேன்.

சான்றிதழில் என்ன வேலை செய்கிறார் என்று விவரமாக எழுதித் தந்தார். துடைப்பம், வண்டி, மண் அள்ளுதல். ஆறு வாரம் கனமான வேலை கூடாது. அதே வேலையின் பெயர்தான் முதல் மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலும் இருந்தது.

நல்ல டாக்டர், கெட்ட டாக்டர் என்று இதை முடித்துவிடாதீர்கள். முழு மயக்கத்தில் நோயாளியின் வாக்குமூலம் தேவையில்லை, கருவிகள் காட்டும். மரத்துப்போகிற ஊசியில் வேறு கருவி இல்லை. படுத்திருப்பவர் ‘வலிக்குது’ என்று சொல்வதுதான் ஒரே அளவுகோல். அந்தச் சொல்லை நம்பாதவர் எவ்வளவு தேர்ந்த கைக்காரராக இருந்தாலும் அவரிடம் அளவுகோல் இல்லாமல் போகிறது. அவமதிப்பு வேறு, சிகிச்சைக் குறைபாடு வேறு என்று நாம் மனுக்களில் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு அந்த மேசையில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. நம்மில் யாராவது ஒருவரை இப்படி ஆபரேஷனுக்கு அழைத்துப்போனால், மேல்கையில் கட்டு உண்டா, ஊசிக்குப் பிறகு எத்தனை நிமிடம் காத்திருப்பீர்கள், வலித்தால் மேலும் மருந்து போடுவீர்களா என்று உள்ளே போகுமுன் கேளுங்கள். எறும்பு கடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒப்பந்தக்காரர் ஆறு வாரச் சான்றிதழை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூலி தரவில்லை. அதற்காகத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம், நடக்கிறது. வலது கைத் தழும்பை அழுத்தினால் அம்மாவுக்கு இன்னும் வலிக்கிறது. இடது கையில் கோடு மாதிரி ஒரு அடையாளம் மட்டும். இப்போது ஐந்தரை மஸ்டரில் மறுபடி நிற்கிறார்.

அம்மாவோடு அதே வார்டில் பெருக்குகிற அக்கா ஒருவருக்கு விரல்கள் மரக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. ஊசிக்குப் பயந்துகொண்டு தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா அவருக்குத் தன் இடது கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். “ஊசி எறங்கும்போது வாய மூடிக்கினு இருக்காத. எண்ணு. சத்தமா எண்ணு.”